மெயின் ஸ்விட்சில் ஐந்து மண் அறைகள்

மட்டாஞ்சேரி
9-2-1958, ஞாயிறு, காலை மணி 10.40
மண் அறைகள் ஐந்து. உயிரோடிருப்பவை நான்கு.

அக்காவுக்கு,

கணக்கை மேலேயே எழுதிவிட்டேன். நமஸ்காரம் கடைசியில் வரும்.

வெள்ளிக்கிழமை நீ வாசல் தாண்டி நான் பார்த்ததில்லை. அந்த வெள்ளிக்கிழமையே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கல்பாத்திக்கு, மாமியார் வீட்டுக்குப் போய்விட்டாய். என்னிடம் ஒரு வார்த்தை கிடையாது. அத்திம்பேரிடம் கேட்டால், "அவகிட்டயே கேளு" என்கிறார். அதனால் கேட்கிறேன். நான் என்ன குற்றம் செய்தேன்?

நடந்தது இவ்வளவுதான். மெயின் ஸ்விட்ச் பலகையில், ஃபியூஸ் கட்டைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு குளவி கூடு கட்டியிருந்தது. ஈர மண். அதற்கு அரை அங்குலம் தள்ளி இருநூற்று முப்பது வோல்ட். எலெக்ட்ரிகல் டிப்ளமா வாங்கிவிட்டு துறைமுக ஐலண்டில் தினமும் கப்பலுக்குள் புகுந்து வயரிங் செய்கிறவன் நான். என் வீட்டுப் பலகையில் ஈர மண்ணை விட்டுவைத்தால் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஸ்க்ரூட்ரைவரால் சுரண்டினேன். நீ சமையல் உள்ளிலிருந்து ஓடி வந்து, "எடா பாவி, பிரிக்காதேடா" என்றாய். அதற்குள் கூடு பிரிந்துவிட்டது. நீ கையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாய். ஒரு பூச்சிக்கு இவ்வளவா என்று கேட்டேன். அதைக் கேட்டிருக்க வேண்டாமோ என்னவோ.

நீ போன பிறகு கீழே விழுந்ததை எடுத்துப் பார்த்தேன். ஓர் அறை நசுங்கிவிட்டது. மூன்று அறைகளில் மஞ்சள் வெள்ளையாகப் புழு, ஒவ்வொன்றைச் சுற்றியும் திணித்த சிலந்திகள். ஐந்தாவது பழைய அறை போலிருக்கிறது: உள்ளே புழு இல்லை, பழுப்பு நிறத்தில் காகிதம் சுற்றியது போல ஒரு கூட்டுப்புழு. அதன் மூடியில் மட்டும் வேறு நிற மண்ணில் சின்ன ஒட்டு இருந்தது. யார் ஒட்டினார்கள், ஏன் ஒட்டினார்கள், தெரியவில்லை.

தூக்கி எறிய மனம் வரவில்லை. நாலு கண்ணாடிக் குழாய்களில் போட்டுப் பஞ்சடைத்து வைத்திருக்கிறேன். போதுமா? சமாதானமா? எப்போது வருகிறாய்? அத்திம்பேர் வைக்கிற ரசத்தை விவரிக்க எனக்குத் தமிழ் போதாது.

நமஸ்காரம்.
சிவசங்கரன்


கல்பாத்தி
13-2-1958

சிரஞ்சீவி சங்கரனுக்கு அநேக ஆசீர்வாதம்.

உன் எழுத்தைப் படிக்க இரண்டு பேர் வேண்டியிருக்கிறது. மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தால் இப்படித்தான். ஒவ்வொரு எழுத்துக்கும் எட்டுக் கால்.

ஏன் வந்தேன் என்று கேட்டாய். உனக்கு எதையும் போட்டு உடைத்தால்தான் புரியும், அதனால் சொல்கிறேன். எனக்கு இரண்டு மாதம் முடிந்திருக்கிறது. அவருக்குத் தெரியும். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். முன்பு இரண்டு முறையும் உன்னிடம் சொன்னேன், நீ தெருவெல்லாம் சொன்னாய், இரண்டும் மூன்றாம் மாதத்தில் போயிற்று. அதற்காக உன்னைக் குறை சொல்லவில்லை. இந்த முறை வாயைத் திறக்காமல் இருந்து பார்ப்போம் என்று நினைத்தேன்.

அப்போதுதான் அந்தக் குளவி வந்தது. வீட்டில் குளவி கூடு கட்டினால் அந்த வீட்டில் குழந்தை பிறக்கும் என்பது உனக்கும் தெரியும். அம்மா சொல்லி நீயும் கேட்டிருக்கிறாய். கல்யாணமாகி ஏழு வருஷத்தில் நம் வீட்டில் ஒரு குளவியும் கட்டினதில்லை. இப்போது தானாக வந்து கட்டிற்று. தினமும் காப்பி போட்டுக்கொண்டே அது மண் கொண்டுவருவதைப் பார்ப்பேன். மண்ணை அப்பும்போது மட்டும் வீணை ஸ்ருதி கூட்டுகிற மாதிரி ஒரு சத்தம் போடும். அதைத்தான் நீ சுரண்டினாய்.

இன்னொன்று. சிலந்தி என்று எழுதியிருக்கிறாய். குளவி கொண்டுவருவது பச்சைப் புழு. நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எதையோ பார்த்துவிட்டு எதையோ எழுதாதே.

மிச்சமிருக்கிற நாலையும் வளர்த்துப் பறக்க விடு. அவை பறந்த பிறகு வருகிறேன். ஒரு நிபந்தனை: நல்லதானாலும் கெட்டதானாலும் நடந்ததை நடந்தபடி எழுது. என்னைச் சமாதானப்படுத்தப் பொய் எழுதினால் எனக்குத் தெரிந்துவிடும். உனக்குப் பொய் சொல்ல வராது.

நீலாம்பாள்


மட்டாஞ்சேரி
17-2-1958

அக்காவுக்கு நமஸ்காரம்.

இந்த முறை முதலிலேயே போட்டுவிட்டேன்.

சந்தோஷம். இதற்கு மேல் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, நீயே நிரப்பிக்கொள். ஆனால் ஒன்று கேட்காமல் இருக்க முடியாது. இரண்டு மாதக் கர்ப்பத்தோடு ஒலவக்கோடு வரைக்கும் ரயிலில் குலுங்கிப் போவதால் ஆபத்தில்லை, சுவரில் மண் உதிர்ந்தால் ஆபத்தா? நீ எட்டாம் கிளாஸ் வரைக்கும் கணக்கில் முதலாவதாக வந்தவள்.

சரி. சண்டை வேண்டாம். வளர்க்கிறேன்.

முதல் விஷயம், அவை சிலந்திகள்தான். எட்டுக் கால், நானே எண்ணினேன். செத்தவையும் இல்லை. ஊசியால் தொட்டால் ஒரு கால் மெதுவாக அசைகிறது. தாய்க்குளவி கொட்டி மயக்கிக் கொண்டுவருகிறது. செத்தால் அழுகிவிடும், மயக்கமாக இருந்தால் புழு சாப்பிட்டு முடிக்கும் வரை கெடாது. ஐஸ் பெட்டியே இல்லாமல் இப்படி ஒரு ஏற்பாடு. எங்கள் ஒர்க்ஷாப்பில் யாருக்கும் இது தோன்றியிருக்காது. புழு ஒரு சிலந்தியை முடித்துவிட்டுத்தான் அடுத்ததில் வாய் வைக்கிறது. அத்திம்பேருக்கு இந்த ஒழுங்கு கிடையாது.

இரண்டாவது, உடைந்த அறையையும் பலகைக்கடியில் செத்துக் கிடந்த ஒரு குளவியையும் எடுத்துக்கொண்டு எர்ணாகுளத்தில் ஒரு கல்லூரி விலங்கியல் புரொஃபசரைப் போய்ப் பார்த்தேன். இடுப்பைப் பார்த்ததும் பெயரைச் சொல்லிவிட்டார்: ஸெலிஃப்ரான் மதராஸ்பட்டானம். நூற்றெழுபது வருஷத்துக்கு மேல் ஆகிறதாம், எவனோ வெள்ளைக்காரன் மதராஸில் பிடித்த குளவியைப் பார்த்து வைத்த பெயர். இருக்கிறது மட்டாஞ்சேரியில், பெயர் மதராஸ். இங்கே நம்மையும் அப்படித்தானே சொல்கிறார்கள்? பாட்டன் காலத்திலிருந்து இங்கே இருக்கிறோம், இன்னும் நாம் பாண்டிக்காரர்கள்.

மூன்றாவது, அத்திம்பேர் ரசத்தைக் கைவிட்டார். காலையில் நாணு சேட்டன் கடையில் சாயாவும் புட்டும் சாப்பிடுகிறார். உன் மாமியார் கனகாம்பாள் மாமி காதில் இது விழ வேண்டாம். பிள்ளை வெளியில் சாப்பிடுகிறான் என்று தெரிந்தால் அடுத்த ரயிலில் கிளம்பிவிடுவார்.

சங்கரன்


கல்பாத்தி
21-2-1958

சங்கரனுக்கு,

உன் கடிதத்தை மாமியார்தான் வாங்கி முதலில் படித்தார். புட்டு விஷயம் இப்போது அக்ரஹாரம் முழுக்கத் தெரியும்.

இதோடு ஒரு தீப்பெட்டி அனுப்பியிருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பிள்ளை எர்ணாகுளம் வருகிறான், அவன் கொண்டுவந்து தருவான். உள்ளே இருப்பது இந்த வீட்டுக் கொல்லைச் சுவரில் குளவி கட்டியது. காலிக் கூடுதான், பறந்துபோன பிறகு எடுத்தேன், பயப்படாதே. இன்னொன்று சுவரிலேயே இருக்கிறது. அதை நான் மூன்று நாளாக நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கிறேன். ஒரு தடவைகூட சிலந்தி வரவில்லை. பச்சைப் புழு, பச்சைப் புழு, பச்சைப் புழுதான். உன் புரொஃபசரிடம் இதைக் காட்டி, அக்கா பொய் சொல்லவில்லை என்று எழுதி வாங்கு.

வாந்தி இருக்கிறது. மாங்காய் தின்கிறேன். மூன்றாம் மாதம் நடக்கிறது. நாலும் எப்படி இருக்கிறது?

நீலா


மட்டாஞ்சேரி
26-2-1958

அக்காவுக்கு நமஸ்காரம்.

நடந்ததை நடந்தபடி எழுதச் சொன்னாய். கெட்டதை முதலில் எழுதுகிறேன்.

இரண்டு செத்துவிட்டன. எறும்பு. குழாய்களை நிறுத்திவைத்த தட்டு சமையலறை அலமாரியில் இருந்தது. நேற்று அத்திம்பேர் காப்பி போடுகிறேன் என்று சர்க்கரை டின்னை அதற்குப் பக்கத்தில் திறந்து வைத்துவிட்டார். எறும்பு பஞ்சைத் துளைத்து உள்ளே போயிருக்கிறது. ஐலண்டிலிருந்து நான் வந்து பார்க்கும்போது இரண்டு குழாய்களில் ஒன்றுமில்லை. தப்பு அவருடையதில்லை. தட்டுக்கு அடியில் தண்ணீர்க் கிண்ணம் வைத்திருக்க வேண்டும். நெய்ச் சட்டிக்கு நீ வைப்பதைத் தினமும் பார்த்தவன் நான். எனக்குத் தோன்றவில்லை.

மீதி இரண்டு. ஒரு புழு சிலந்திகளை முடித்துவிட்டுப் பழுப்பு நூலில் தன்னைச் சுற்றிக்கொண்டது. மற்றது அந்தப் பழைய கூட்டுப்புழு, ஒட்டுப் போட்ட அறையில் இருந்தது. அது அப்படியே கிடக்கிறது. இப்போது தட்டு தண்ணீரில் நிற்கிறது.

இனி தீப்பெட்டி. நீ சொன்னது சரி. நான் சொன்னதும் சரி. உன் குளவி வேறு, என் குளவி வேறு. உன்னுடையது சின்னச் செம்பு மாதிரி, கழுத்தும் விளிம்புமாக வனைகிறது. உள்ளே கூரையிலிருந்து முட்டையைத் தொங்கவிட்டு, அதற்குக் கீழே பச்சைப் புழுவைத்தான் திணிக்கும். குடும்பமே வேறாம், ஒன்றுவிட்ட சொந்தம்கூட இல்லை என்றார் புரொஃபசர். இரண்டையும் நாம் குளவி என்று ஒரே பெயரில் கூப்பிட்டுக்கொண்டு சண்டை போட்டிருக்கிறோம். புழுவைக் கொட்டிக் கொட்டிக் குளவியாக்குகிறது என்ற கதையும் உன் செம்புக் குளவியைப் பார்த்துத்தான் வந்திருக்கும். உள்ளே போனது புழு, வெளியே வந்தது குளவி. நடுவில் ஒரு முட்டை இருந்ததை யாரும் திறந்து பார்க்கவில்லை.

உன் சௌக்கியத்தை எழுது.

சங்கரன்


(அஞ்சலட்டை)
மட்டாஞ்சேரி, 5-3-1958

அக்கா, பதில் இல்லை. கோபமா? ஒரு வரி போதும். உன் மாமியார் அத்திம்பேருக்கு எழுதிய கார்டில் "எல்லோரும் க்ஷேமம்" என்று இருந்தது. வீடு தீப்பிடித்தாலும் அவர் அப்படித்தான் எழுதுவார். மார்ச் கணக்கு முடியும் வரை மிளகுக் கிடங்கில் அத்திம்பேருக்கு லீவு தரமாட்டார்கள். இல்லாவிட்டால் இந்நேரம் அங்கே வந்திருப்பார். கூட்டுப்புழு இரண்டும் அப்படியே.
சங்கரன்


(அஞ்சலட்டை)
மட்டாஞ்சேரி, 12-3-1958

அக்கா, இன்னும் பதில் இல்லை. உனக்கு என்ன எழுதினேன் என்று அத்திம்பேர் நேற்றுத்தான் கேட்டார். சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை உதறிவிட்டு எழுந்தார். "கர்ப்பிணிக்கு எழுதற விஷயமாடா அது? ரெண்டு செத்துதுன்னு, அதுவும் அவளுக்கு? நீ படிச்சதெல்லாம் கம்பிக்கு மட்டுந்தானா?" என்றார். இவர் கத்தி நான் கேட்டதில்லை. இரண்டு என்ற எண் உனக்கு என்னவாக இருக்கும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. தந்தி அடிக்கப் போஸ்டாபீஸ் வரைக்கும் போனேன். தந்தியைப் பார்த்தே நீ பயந்துவிடுவாய் என்று திரும்பிவிட்டேன்.

ஸ்விட்ச் பலகை ஓரத்துச் சுவரில் அதே இடத்தில் மறுபடியும் ஒரு குளவி கட்டுகிறது. ஸ்க்ரூட்ரைவரை எடுத்துக்கொண்டு போனேன். வைத்துவிட்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை லைனை நிறுத்திப் பலகையையே கழற்றி எதிர்ச்சுவரில் மாட்டினேன். கூடு இருந்த இடத்திலேயே இருக்கிறது. இடமில்லை, முடிக்கிறேன்.
சங்கரன்


கல்பாத்தி
20-3-1958

சங்கரனுக்கு அநேக ஆசீர்வாதம்.

நன்றாக இருக்கிறேன். இதை முதலில் படி. மற்றதை உட்கார்ந்து படி.

எறும்புக் கடிதம் வந்த அன்று மத்தியானம் படுத்தவள்தான். இரண்டு போயிற்று என்று படித்தேன், எனக்கு இரண்டு போனது ஞாபகம் வந்தது. உன் அத்திம்பேர் கோபித்தது நியாயம். வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, இன்றைக்கு, இல்லாவிட்டால் நாளைக்கு என்று காத்திருந்தேன். உனக்குப் பதில் எழுதப் பயம். எழுதினால் நீ திரும்ப எழுதுவாய், நடந்ததை நடந்தபடி எழுதுவாய், மீதி இரண்டும் போயிற்று என்று அதில் இருந்துவிட்டால்? உன் கார்டு இரண்டும் வந்தன. திருப்பிப் பார்க்காமல் அரிசிப்படிக்கு அடியில் கவிழ்த்து வைத்தேன். அஞ்சலட்டையைப் படிக்காமல் வைத்திருந்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். மாமியார் இரண்டையும் படித்துவிட்டார், ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் புண்ணியம் அவருக்கு உண்டு.

மாதம் நகர்ந்தது. ஒன்றும் ஆகவில்லை. மூன்று முடிந்து நாலு பிறந்துவிட்டது. நேற்று டாக்டரம்மா பார்த்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது, நன்றாகச் சாப்பிடு, படியேறலாம், ரயிலிலும் போகலாம் என்றார். வீட்டுக்கு வந்து கார்டுகளை எடுத்துப் படித்தேன்.

ஒன்று சொல்கிறேன், தலைகால் புரியாமல் ஆடாதே. நாலும் சௌக்கியம் என்று நீ பொய் எழுதியிருந்தால், கூடுதான் என்னைக் காப்பாற்றுகிறது என்று பிரசவம் வரைக்கும் உன் கண்ணாடிக் குழாயைப் பிடித்துக்கொண்டு பயந்து செத்திருப்பேன். நீ கெட்டதை எழுதினாய். அங்கே கெட்டது நடந்தது, இங்கே நடக்கவில்லை. அது வேறு, நான் வேறு. இருபது நாள் படுத்துக்கொண்டு இதைக் கண்டுபிடித்தேன். உன் புரொஃபசர் இதற்கு என்ன பெயர் வைப்பாரோ.

அதனால் அந்தப் புதுக்கூட்டைச் சுரண்டிவிட்டுப் பலகையைப் பழைய இடத்திலேயே மாட்டு. மின்சாரம் விளையாட்டுக் காரியமில்லை. நானே சொல்கிறேன்.

பலகையைக் கழற்றி மாட்டினாயாமே! மாமியார் அதைப் படித்துக்காட்டி, "ஒன் தம்பிக்கும் மசக்கையாக்கும்" என்றார். வயிறு வலிக்கச் சிரித்தேன். பயமில்லாமல் வயிறு வலித்தது இப்போதுதான்.

விஷுவுக்கு முன்னால் வருகிறேன். பிரசவத்துக்குப் பெண் பிறந்தகம் போக வேண்டும். அப்பா அம்மா இல்லை, நீ இருக்கிற இடம்தான் பிறந்தகம். அவர் இருக்கிற இடம்தான் புக்ககம், அதுவும் அதே வீடு. அதனால் வளைகாப்பு முடிந்ததும் நான் கூடத்திலிருந்து உள்ளறைக்குப் போனால் போதும், வண்டிக் கூலி மிச்சம்.

நீலாம்பாள்


மட்டாஞ்சேரி
30-3-1958, ஞாயிறு, காலை மணி 7.15
பறந்தவை இரண்டு. கூடு ஒன்று. மனிதர்கள் இருவர், சீக்கிரம் மூவர், பிறகு நால்வர்.

அக்காவுக்கு நமஸ்காரம்.

உன் கடிதத்தை அத்திம்பேர் மிளகுக் கிடங்குக்குக் கொண்டுபோய்விட்டார். கணக்குப் புத்தகத்துக்குள் வைத்துப் படிக்கிறாராம். மூன்று தடவை கூட்டல் தப்பியதாம். திரும்பி வந்து என் தோளில் கையை வைத்து, "அன்னிக்குக் கத்தினது மனசுல வெச்சுக்காதே" என்றார். "மனசிலேதான் வெச்சிருக்கேன், நீங்க சொன்னது சரி" என்றேன். பிறகு இருவரும் நாணு சேட்டன் கடைக்குப் போனோம். புட்டு விஷயம்தான் ஊருக்கே தெரிந்துவிட்டதே.

நடந்ததை நடந்தபடி.

திங்கட்கிழமை முதல் குளவி வந்தது. கறுப்பு உடம்பு, மஞ்சள் கால், நூல் மாதிரி இடுப்பு. சாட்சாத் மதராஸ்பட்டானம். பஞ்சை எடுத்ததும் குழாய் விளிம்பில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டது. பிறகு ஜன்னல் வழியாகப் போய்விட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. நான் பதினைந்து நிமிஷம் ஜன்னலிலேயே நின்றேன். அன்றைக்கு ஐலண்டுக்குப் போகும் போட்டைத் தவறவிட்டுத் தோப்பும்படிப் பாலம் சுற்றிப் போனேன்.

வியாழக்கிழமை இரண்டாவது. ஒட்டுப் போட்ட அறையில் இருந்தது. உள்ளேயிருந்து வந்தது குளவியின் பிள்ளை இல்லை. மயில் கழுத்துப் பச்சையும் நீலமுமாக, பட்டறையில் மெருகு போட்டது மாதிரி மின்னுகிற வேறொரு பூச்சி. புரொஃபசரிடம் ஓடினேன். இதற்கும் பெயர் உண்டு, ஸ்டில்பம். மண் மூடியை நனைத்துத் துளைத்து, இன்னொருத்தி கட்டிய வீட்டில் தன் முட்டையை வைத்துவிட்டு, துளையை மறுபடி பூசிவிட்டுப் போய்விடுமாம். அந்த ஒட்டுக்குக் காரணம் தெரிந்தது. வீட்டுக்காரியின் பிள்ளையை இது தின்றுவிட்டுத்தான் வளர்ந்திருக்கிறது. இதையும் எழுதுகிறேன். உனக்கு இதனால் ஒன்றும் ஆகாது என்று இப்போது நம் இருவருக்கும் தெரியும்.

புரொஃபசர் அதை ஊசியில் குத்தித் தரச் சொன்னார். வீட்டுக்கு வந்து நான் ஊசியைத் தேடிக்கொண்டிருந்தபோது அத்திம்பேர் குழாயைத் திறந்துவிட்டார். "நம்மாத்துல பொறந்தது, கொல்ல வேண்டாம்" என்றார். அறிவியலுக்கு நஷ்டம். நான் வற்புறுத்தவில்லை.

புதுக்கூட்டை நீ சுரண்டச் சொன்னாய். மாட்டேன். நீ சொல்லி நான் எதைக் கேட்டிருக்கிறேன்? மின்சாரம் எதிர்ச்சுவரில் இருக்கிறது. அந்தக் குளவியால் யாருக்கும் தொந்தரவில்லை. நேற்று நாலாவது அறையை மூடிவிட்டாள். நீ சொன்ன ஸ்ருதியும் கேட்டது. வீணை இல்லை, மோட்டாருக்குள் ஆர்மேச்சர் சுற்றுகிற சத்தம்.

இனிச் செய்யப்போவது:

1. நீ வருகிற ரயில் எதுவென்று எழுதியதும் எர்ணாகுளம் ஸ்டேஷனில் நிற்பேன். பெட்டியை நான் தூக்குவேன். தகராறு வேண்டாம்.

2. நெய்ச் சட்டி, சர்க்கரை டின், குழாய்த் தட்டு எல்லாவற்றுக்கும் தண்ணீர்க் கிண்ணம். நீ வந்தபின் கட்டிலுக்கும் நான்கு.

3. புரொஃபசருக்கு வேறொரு பச்சைப் பூச்சி பிடித்துக் கொடுப்பேன். அத்திம்பேர் கிடங்கில் இருக்கும் நேரத்தில்.

4. தெருவில் யாரிடமும் உன் விஷயத்தைச் சொல்லமாட்டேன். நாணு சேட்டனிடம் மட்டும் சொல்லிவிட்டேன். அவர் கடை தெருவில் சேராது, சந்தில் இருக்கிறது.

5. கல்பாத்திச் சுவரில் இருக்கும் உன் செம்புக் குளவியைப் பார்க்க மாமியாரை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு வா. புழு எண்ணிக்கையை அவர் கார்டில் எழுதலாம். எல்லோரும் க்ஷேமம் என்பதற்கு இது மேல்.

6. உள்ளறை உத்தரத்தில் கொக்கி அடிப்பேன். பிறப்பதற்கு முன் தொட்டில் வாங்கக்கூடாது என்பாய். வாங்கவில்லை. கொக்கி வேறு, தொட்டில் வேறு. இதையெல்லாம் பிரித்துப் பார்ப்பதில் நான் இப்போது கெட்டிக்காரன்.

7. கொக்கிக்கு இடம் குறித்தாயிற்று, கூட்டிலிருந்து நாலு முழம் தள்ளி. அவள் மண் இன்னும் ஈரம், சுத்தியல் அதிர்ச்சி தாங்காது. அதனால் அது காயும் வரை பொறுத்து அடிப்பேன். இதற்குக் காரணம் நம்பிக்கையில்லை, வெறும் எஞ்சினீயரிங்.

சங்கரன்